ஜனாதிபதிக்கு மூன்று மனுக்கள்

பாறசாலை
10-6-1956

அன்புள்ள பங்கஜாட்சிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். கிழித்துப் போடுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடு. நம் கூடப் படித்த பிரேமகுமாரி இன்னும் நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் வருவதால் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உன் சித்தப்பா, அந்தக் கொச்சச்சன் கையில்தான் கிடைக்கும் என்று அவள் சொன்னாள்.

உன் அச்சன் சோமன் ஓட்டிய பஸ்ஸை எங்கள் ஊர் ஜங்ஷனில் மறித்த, தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த அந்தக் கடையடைப்பு நாளுக்குப் பிறகு நான் உன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வர முடியவில்லை. இப்போது மார்த்தாண்டத்தில் படிக்கிறேன். நடந்தேதான் போகிறேன். பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் முதுகைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எர்ணாகுளம் ஹைகோர்ட்டும் ஜெயதாஸ் அண்ணனின் மரண தண்டனையை உறுதி செய்துவிட்டது. நம் ராஜ்யத்தின் தலைவர் ராஜப்பிரமுகருக்கு அனுப்பிய மனுவையும் தள்ளிவிட்டார்கள். இனி டில்லியில் ஜனாதிபதி ஒருவர்தான். வக்கீல் வீட்டில் காத்திருக்கும்போது அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்து எழுபத்திரண்டாவது ஷரத்தை வாசித்தேன். எந்தக் கோர்ட்டு தூக்குத் தண்டனை கொடுத்தாலும் அதை மன்னிக்கவோ, நிறுத்தி வைக்கவோ, குறைக்கவோ ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டாம். இவ்வளவு பெரிய காரியத்தைச் சில வரிகளில் எழுதியிருக்கிறார்கள். வாசிக்கும்போது பயத்துக்கு நடுவே புதிய பாடம் படிக்கிற சந்தோஷமும் வந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன்.

வக்கீல் ஒன்று சொன்னார். இறந்தவரின் மனைவி, "தண்டனையைக் குறைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது மனுவுக்குப் பெரிய பலமாம். சட்டத்தில் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் பேப்பர் பார்க்கிறவர்கள் மனிதர்கள்தானே என்றார்.

உன் அம்மாவிடம் கேட்பாயா? கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

விமலகுமாரி


நெய்யாற்றின்கரை
17-6-1956

விமலா,

தமிழில் எழுதுவது உனக்காக அல்ல. இந்த வீட்டில் வேறு யாரும் தமிழ் வாசிக்க மாட்டார்கள், அதற்காக. உன் கதைப்புத்தகங்களை வாங்கி வாங்கி நான் படித்த எழுத்து இதற்குத்தான் உதவுகிறது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்? எனக்குக் கண்டக்டர் சொன்னார். ரோட்டில் கல் அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் அவர் திரும்பிப் போகலாம் என்றாராம். அச்சன், "களியிக்காவிளைக்கு டிக்கெட் கொடுத்தாச்சே" என்று சொல்லி, கல்லை நகர்த்த இறங்கினாராம். வேறொன்றும் பேசவில்லை. கொடி எதையும் பிடுங்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்யும் இரும்புக் கைப்பிடி சீட்டுக்கடியில் இருந்தது. உன் அண்ணன் அதை எடுத்தான். ஆஸ்பத்திரியில் அச்சன் கண்ணே திறக்கவில்லை.

நீ ஷரத்து வாசித்தாய். நானும் வாசிக்க வேண்டுமா? ஜனாதிபதி யார், மன்னிக்க? அவருடைய அச்சனா செத்தது? டில்லியில் இருக்கிற ஒருவர் ஒரு கையெழுத்தில் மன்னித்துவிடுவார், நாங்கள் இங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு அம்மாவின் கையெழுத்தும் வேண்டுமா?

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

பங்கஜாட்சி


பாறசாலை
24-6-1956

அன்புள்ள பங்கஜம்,

டிக்கெட் கொடுத்த விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒன்றை மட்டும் திருத்தவிடு. மன்னிப்பு வேறு, தண்டனையைக் குறைப்பது வேறு. மன்னித்தால் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான். அதை நாங்கள் கேட்கவில்லை. நான் கேட்டாலும் ஒருவரும் கொடுக்க மாட்டார்கள். குறைத்தால் தூக்கு மாறி ஆயுள் தண்டனை ஆகும். குற்றம் குற்றமாகவே இருக்கும். ஜெயிலும் ஜெயிலாகவே இருக்கும். உயிர் மட்டும் இருக்கும். ஜனாதிபதியும் தன் இஷ்டப்படி தீர்மானிப்பதில்லையாம். மந்திரி காரியாலயத்தில் பேப்பர் பார்த்து யோசனை சொல்வார்களாம். அந்தப் பேப்பருக்குள் எங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

இங்கே இன்னொரு தொல்லை. வியாழக்கிழமை, கடையடைப்பு நடத்திய கட்சிக்காரர்கள் வந்தார்கள். அண்ணன் சைக்கிள் கடையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவனோடு திரிந்த ராஜதாஸ் முன்னால் நின்றான். கையில் ஒரு கட்டு நோட்டீஸ். அண்ணனின் படம் போட்டு, மேலே "எல்லைத் தியாகி ஜெயதாஸ்" என்று அச்சடித்திருக்கிறார்கள்.

அம்மா ஒன்றை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும், மெதுவாக வாசிப்பாள்.

"ராஜதாசே, என் பிள்ள செத்துப் போயிற்றானா?"

"இல்ல மாமி. ஒருவேள அப்படி ஆச்சின்னா, முன்கூட்டியே அடிச்சு வச்சா..."

"ஓ. சவப்பெட்டியும் முன்கூட்டியே செஞ்சு வச்சாச்சா?"

அப்பா, "ஆனந்தபாய், வந்தவங்கள அப்படிப் பேசாத" என்றார். ராஜதாஸ் தலையைச் சொறிந்துகொண்டே, "நாங்க அவனுக்குப் பெருமை தேடித் தாறோமாக்கும்" என்றான். அம்மா நோட்டீஸை நாலாக மடித்து அவன் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்தாள்.

உன்னிடம் மறுபடியும் கேட்கவில்லை. எழுத வேறு யாரும் இல்லாததால் எழுதினேன்.

விமலா


நெய்யாற்றின்கரை
9-7-1956

விமலா,

அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். உன் கடிதத்தைப் பாவாடைப் பெட்டியில் வைத்திருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

மறுநாள் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "எனக்கு மதியாச்சு, போதும் மோளே. கோர்ட்டு, வக்கீல், பத்திரிகைக்காரன், எல்லாம் மதி. அவனைத் தூக்கிப் போட்டா மறுபடியும் பத்திரிகைக்காரன் வருவான், ஊர்வலம், ஜாதா போகும். ஒரு வரிதானே. இது முடியட்டும்."

இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு அலுப்பு. எனக்கு இதில் சம்மதம் இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஒரே நிபந்தனை. யாருக்கும் தெரியக் கூடாது. கொச்சச்சன் காதில் விழுந்தால் தீர்ந்தது. அச்சன் போன பிறகு அவர் சொல்வதுதான் இந்த வீட்டில் நடக்கும். வருகிற சனியன்று அல்ல, அடுத்த சனிக்கிழமை, 21ஆம் தேதி, அம்மா அதியன்னூருக்குப் போவாள். அங்கே பிரேமாவின் அத்தை சாராம்மா வீட்டுக்கு நீ பேப்பர் கொண்டு வந்தால் போதும். நான் வர மாட்டேன்.

பங்கஜாட்சி


பாறசாலை
16-7-1956

பங்கஜம்,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். நீ இதற்குள் கேள்விப்பட்டிருப்பாய். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் கிடைத்த அன்று அம்மா கஞ்சி குடிக்காமல் படுத்திருந்தாள். அண்ணனுக்கு நாள் குறித்துவிட்டதாக யாரோ சந்தையில் சொல்லியிருக்கிறார்கள். பொய்தான். ஆனால் அவள் கிடந்த கிடப்பைப் பார்க்க முடியாமல், அந்த அம்மா கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். அவள் பைபிளைத் தொட்டுச் சரி என்றாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நன்மை கிடைத்தால் ஸ்தோத்திரக் காணிக்கை போடுவார்கள். கவருக்குள் எதற்கான ஸ்தோத்திரம் என்று ஒரு சீட்டும் இருக்கும். ஞாயிறு ஆராதனையில் அதை எல்லோரும் கேட்க வாசிப்பார்கள். நன்மை வாங்கிவிட்டு அந்த வாரமே ஸ்தோத்திரம் சொல்லாவிட்டால் அது நிலைக்காது என்று அம்மா நம்புகிறாள். மனிதரிடம்தானே சொல்லக் கூடாது, கர்த்தரிடம் சொல்லலாம் என்று நினைத்துவிட்டாள். சீட்டை வாசிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் அது அவளுக்கு நினைவில்லை.

உபதேசியார் சத்தியதாஸ் வரிசையாக வாசித்துக்கொண்டே வந்தார். பிரசவம் சுகமாக நடந்ததற்கு ஒன்று. வெள்ளைக்காளை திரும்பக் கிடைத்ததற்கு ஒன்று. அடுத்ததாக அதே குரலில், "காலஞ்சென்ற சோமன் டிரைவரின் மனைவி எங்கள் மகனுக்காகக் கையெழுத்திட மனதிரங்கப் பண்ணினதற்காக, நேசையன் ஆனந்தபாய் குடும்பத்தார்." வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா என் கையைப் பிடித்தாள்.

அன்று சபையில் ராஜதாசும் இருந்தான். சாயங்காலம் ஜங்ஷன் கூட்டத்தில் மைக்கில், "இறந்தவரின் மனைவியே நமது நியாயத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்" என்று பேசினானாம். அப்பா ஓடிப் போய் மைக்கைப் பிடித்தார். "எலே, அது நியாயமில்ல, தயவு. தயவ மைக்குல கத்தாத" என்றார். அதற்குள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

தவறு என்னுடையது. அம்மாவைத் திட்டாதே.

விமலா


நெய்யாற்றின்கரை
19-7-1956

விமலா,

பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லிக் கொச்சச்சனுக்குத் திங்கட்கிழமை காலையிலேயே தெரிந்துவிட்டது. முற்றத்தில் நின்று, அக்கம்பக்கத்தார் கேட்கும்படி, "என் சேட்டனின் ரத்தத்துக்கு என்ன விலை பேசினீர்கள்?" என்று கேட்டார். அம்மா வாசலுக்கே வரவில்லை.

மாலையில் ஒரு பேப்பர் கொண்டுவந்தார். அதுவும் ஜனாதிபதிக்குத்தான். தூக்கைக் குறைக்கக் கூடாது, குறைத்தால் எங்கள் குடும்பத்துக்கு நீதி கிடைத்ததாகாது என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டாள். உங்கள் பேப்பருக்கு வைத்திருந்த கையெழுத்தை அதில் போட்டாள்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். நான் விரும்பியது அதுதானே. ஆனால் சந்தோஷம் இல்லை.

இனி எழுதாதே. பிரேமாவிடமும் கொடுத்தனுப்பாதே.

பங்கஜாட்சி


பாறசாலை
3-9-1956

அன்புள்ள பங்கஜம்,

எழுதாதே என்றாய். இத்தனை நாளும் எழுதவில்லை. பிரேமாவிடம் இதைக் கொடுக்கும்போது, நீ வாங்காவிட்டால் நெய்யாற்றில் போட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் மனு ஜூலை கடைசியில் போயிற்று. உன் அம்மாவின் வரி இல்லாமல்தான். உன் கொச்சச்சனின் மனுவும் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டும் ஒரே கட்டில், ஒரே மேஜையில் இருக்கும் என்று வக்கீல் சொன்னார். பதில் வரும்வரை தூக்கு நடக்காது. எப்போது வரும் என்று சட்டத்தில் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். நாள்கணக்கே இல்லை.

பதில் தபாலில் வராது, ஜெயிலுக்குத்தான் வரும் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இருந்தும் சைக்கிள் மணி கேட்டால் அம்மா அம்மியில் அரைப்பதை நிறுத்திவிடுகிறாள். "மக்கா, யாருன்னு பாரு" என்பாள். மீன்காரராக இருக்கும். அவர் இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் இறங்கி, மணி அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். பொழியூர்க் கடற்கரைக்காரர், எங்கள் ஊர் ஆளே இல்லை. அப்படிப் போகச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மாநிலப் பிரிப்புச் சட்டம் பாஸாகிவிட்டதைப் பேப்பரில் பார்த்திருப்பாய். நவம்பர் முதல் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது. ஜெயிலுக்குப் பார்க்கப் போனபோது அண்ணன் கம்பிக்குள்ளிருந்து கேட்டான், "களியிக்காவிளை?"

"அங்க, சென்னையோட" என்றார் அப்பா.

"பாறசாலை?"

"இங்கதான். நம்ம வீடு நின்ன எடத்துல நிக்கி."

அண்ணன் விரல் நகத்தைப் பார்த்தான். பிறகு, "நான் தியாகியானா படம் எந்த ராஜ்யத்துல மாட்டுவாங்க?" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். அப்பாவால் முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவன் சாவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான், பங்கஜம். அதில் அவனுக்கு ஒரு சுகம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

விமலா


நெய்யாற்றின்கரை
30-9-1956

விமலா,

பிரேமாவிடமிருந்து வாங்கினேன். வாங்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நம் பள்ளிக்கூட மதிலில் உன் அண்ணனின் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நீ சொன்ன அதே நோட்டீஸ். யாரோ பாதி கிழித்திருந்தார்கள். "தியாகி" என்ற எழுத்து மிச்சம் இருந்தது. அதன் எதிரில் நின்றுதான் நான் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன்.

அங்கே நின்றபோது ஒன்று புரிந்தது. அவனைத் தூக்கில் போட்டால் பாறசாலை ஜங்ஷனில் அவனுக்கு ஒரு தூண் வைப்பார்கள். அச்சன் விழுந்த அதே இடத்தில். வருஷாவருஷம் மாலை போடுவார்கள். பஸ் அந்த வழியாகத்தான் போகும். கண்டக்டர் அதைக் கடக்கும்போது மணி அடிப்பார். அச்சனுக்கு அங்கே ஒன்றும் இருக்காது.

போன செவ்வாயன்று நானும் ஜனாதிபதிக்கு எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை. நம் மலையாளம் டீச்சரிடம் டில்லி விலாசம் மட்டும் கேட்டேன். ஜெனரல் நாலெட்ஜ் பரீட்சைக்கா என்றார். ஆமாம் என்றேன். மலையாளத்தில் எழுதியதைத் தமிழில் கீழே எழுதுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும்.

"நான் கொல்லப்பட்ட பஸ் டிரைவர் சோமனின் மகள். பத்தாம் வகுப்பு. என் அம்மாவின் கையெழுத்தோடு ஒரு மனு தங்களுக்கு வந்திருக்கும். அது என் அச்சனின் தம்பி எழுதியது. அம்மா வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். நான் ஜெயதாசை மன்னிக்கவில்லை. எனக்குப் பதிலாகத் தாங்களும் மன்னிக்க வேண்டாம். ஆனால் அவனைத் தூக்கில் போடவும் வேண்டாம். தூக்கில் போட்டால் அவன் பெரிய ஆளாகிவிடுவான். அவன் சாதாரண ஆளாகவே ஜெயிலில் இருந்து, வயசாகி, தான் செய்தது என்ன என்று தினமும் நினைக்கட்டும். அதுதான் எனக்கு வேண்டும்."

இதில் இரக்கம் எங்கேயும் இல்லை. தேடாதே. போட்ட பிறகு தபால் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கொச்சச்சனுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். அதற்கா, வேறு எதற்கா என்று தெரியவில்லை.

பங்கஜாட்சி


பாறசாலை
28-10-1956

அன்புள்ள பங்கஜம்,

பதில் வந்துவிட்டது. தூக்கு இல்லை. ஆயுள் தண்டனையாகக் குறைத்திருக்கிறார்கள். மன்னிப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை வக்கீலே பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வழியெல்லாம் ஓடியதால் அவருக்கு மூச்சு வாங்கியது. முற்றத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினார். அம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உயிர் உண்டு, உயிர் உண்டு" என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. அப்பா கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

எந்த மனுவால் குறைந்தது என்று தெரியாது. காரணம் எழுத மாட்டார்களாம். எங்களுடையதா, உன்னுடையதா, இல்லை பேப்பர் பார்த்த யாரோ ஒருவரின் மனமா, நமக்கு ஒருபோதும் தெரியப் போவதில்லை. நான் இதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று பூஜப்புரை ஜெயிலுக்குப் போனோம். அண்ணன் சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்து நின்றான். "இனி எத்தனை வருஷம்?" என்றான். அப்பா, "கணக்குப் பாக்காத மக்கா" என்றார். தூக்குக்குத் தயாராக வைத்திருந்த தைரியத்தை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ராஜதாஸ் வந்தானா என்று கேட்டான். வரவில்லை. குறைந்த செய்தி வந்த பிறகு கட்சிக்காரர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அப்பா வார்டரிடம் பேசப் போனபோது உன் கடிதத்தை அவனிடம் சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. அவனுக்கு முகம் சிவந்தது. "ஒரு சின்னப் பொண்ணு போட்ட பிச்சையா இது?" என்றான்.

"பிச்சை இல்ல, தண்டனை. ஜனாதிபதி கொடுத்ததைவிடப் பெரிசு" என்றேன்.

என் அண்ணனிடம் நான் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. மணி அடித்து எங்களை வெளியே போகச் சொன்னார்கள். நான் திரும்பும்போது கம்பியில் முகம் வைத்துக் கேட்டான், "அந்தப் பொண்ணு பேரு என்ன?"

இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள். எங்கள் வீட்டில் உன் பெயர் தெரியாதவர் இல்லை. டிரைவரின் மகளும் நீயும் ஒரே ஆள் என்பதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த மாதம் மறுபடியும் பார்க்க விடுவார்கள். சொல்லட்டுமா?

விமலா


நெய்யாற்றின்கரை
4-11-1956

விமலா,

என் பெயரைச் சொல்லாதே.

கோர்ட்டில் நான் அம்மாவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணனை ஜட்ஜ் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் அவன் "அந்த டிரைவர்" என்றுதான் பதில் சொன்னான். டிரைவர் இறங்கினான், டிரைவர் கல்லைத் தள்ளினான், டிரைவர் என்னைப் பார்த்தான். ஒரு தடவைகூட வேறு மாதிரிச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் போகும்போது என் அச்சனின் பெயரைச் சொல். அவன் வாயால் அதைத் திருப்பிச் சொல்லச் சொல். சொல்கிறானா என்று பார். சொல்லாவிட்டாலும் எழுது.

பங்கஜம்